எலும்பின் வலிமையும் மருந்தின் அளவும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவை ஒட்டி, அறக்கட்டளையின் சார்பில் அரிமளத்தில் நடைபெற்ற உடல்நலக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பொதுமருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. உணவும், அடைக்கலமும், கல்வியும் போலவே மருந்தும் அறமாகக் கருதப்பட்டது. ஆனால் மருந்தைக் கொடுப்பதோடு அந்த அறம் முடிந்துவிடுவதில்லை. எந்த மருந்து, எவ்வளவு, எப்பொழுது, எதனோடு சேர்த்து என்ற அறிவையும் உடன் கொடுத்தால்தான் அது நிறைவு பெறும். சமணராகிய கணிமேதாவியார் இயற்றிய நூலின் பெயர் ஏலாதி. ஏலம் முதலாகிய ஆறு பொருள்கள் ஒன்றிலிருந்து ஆறு வரை பங்கு ஏறிவரும் அளவிற் சேர்ந்த மருந்தின் பெயர் அது. அறநூலுக்கு மருந்தின் பெயரை இட்ட அப்புலவர், மருந்துக்குள் ஓர் அளவும் ஒழுங்கும் உண்டு என்பதை அறிந்திருந்தார். ஆறு பொருளுக்கே அவ்வளவு கணக்கு வேண்டுமாயின், இன்று நம் இல்லங்களில் ஒரு முதியவர் நாள்தோறும் விழுங்கும் எட்டு மாத்திரைகளுக்கு எவ்வளவு கணக்கு வேண்டும்?

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் எலும்புப்புரை நோய்க்கான மருந்துகளும், அவை பிற மருந்துகளோடு சேரும்போது விளையும் நன்மை தீமைகளும் ஆகும். இப்பொருளை நான் ஏன் தேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இவ்வூரில் என் மூத்த தமக்கையார் வாழ்கிறார். அத்தான் ஆசிரியப் பணியின் பொருட்டு வந்தவாசிப் பகுதியிலிருந்து இங்கு வந்தார். வந்த ஊரே சொந்த ஊராகிவிட்டது. அக்காளுக்கு வயது 71. ஞாயிறு எழுமுன் தண்ணீரும் அருந்தார். ஞாயிறு மறைந்தபின் எதுவும் உண்ணார். அட்டமியும் சதுர்த்தசியும் தவறாமல் நோன்பிருப்பவர். சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, கொல்லைப்புறத் திண்ணையிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி அமர்ந்தவாறே விழுந்தார். விழுந்த உயரம் ஒரு முழம் கூட இராது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அறுவை முடிந்து அவர் வீடு திரும்பியபின், அவருடைய மருந்துப் பெட்டியை நான் திறந்து பார்த்தேன். தைராய்டு குறைவுக்கு ஒரு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு இரண்டு, வயிற்று எரிச்சலுக்குப் பான்டோபிரசோல், மூச்சிரைப்பு வந்தபோதெல்லாம் விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையின் காலி அட்டைகள், தூக்கத்துக்கு ஒன்று, கால்சியம் ஒன்று. இவற்றோடு, எலும்புப்புரைக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுக்கப்பட்ட, வாரம் ஒரு முறை உண்ணும் அலென்ட்ரோனேட் மாத்திரையும் இருந்தது.

"இதை எப்படிச் சாப்பிடுகிறீர்கள், அக்கா?" என்று கேட்டேன்.

"ஞாயிறு எழுந்ததும் ஒரு டம்ளர் பாலில் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிடுவேன், தம்பி. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் எரிகிறது" என்றார்.

அந்த ஒரு விடையில் இரண்டு ஆண்டு மருத்துவமும் வீணானதை உணர்ந்தேன். கால்சியம் அட்டையோ பிரிக்கப்படாமலே கிடந்தது. பேத்தி அதன் மேலுறையைப் படித்து, அது சிப்பி ஓட்டிலிருந்து செய்யப்பட்டது என்று சொல்லியிருக்கிறாள். அன்றே அதை நிறுத்திவிட்டார். எவரிடமும் சொல்லவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் மருத்துவம் பார்த்த தம்பி ஒருவன் இருந்தும், ஒரு முறையேனும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. அக்காளின் இசைவோடுதான் இதை இந்த அவையில் சொல்கிறேன்.

நோயைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். மூட்டு வலியை நம் மக்கள் 'எலும்புத் தேய்மானம்' என்பர். அது வேறு, எலும்புப்புரை வேறு. மூட்டுத் தேய்மானம் வலிக்கும். எலும்புப்புரை வலிக்காது, முறியும் வரை தன்னைக் காட்டிக்கொள்ளாது. நம் எலும்பு கல் போன்ற பொருளன்று. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்தெடுக்க, மற்றொரு வகை உயிரணுக்கள் புதிய எலும்பைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு அரிப்பு மிகுந்து, கட்டுதல் பின்தங்குகிறது. முதுமையில் ஆண்களுக்கும் இது நேர்கிறது. டெக்ஸா என்னும் கதிர்ப்படச் சோதனை எலும்பின் அடர்த்தியை அளக்கும். அதில் டி-மதிப்பெண் கழித்தல் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 1994-இல் வகுத்த அளவுகோல். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே முதுகெலும்போ இடுப்பெலும்போ முறிந்தால், அம்முறிவே போதிய சான்று.

அடர்த்தியைக் கூட்டினால் வலிமை கூடிவிடும் என்று எண்ணுவது இயல்பு. அது எப்பொழுதும் உண்மையன்று என்பதற்கு நம் மாகாணமே சாட்சி. 1937-இல் சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், முதுகு வளைந்து முடங்கிய உழவர்களை ஷார்ட் முதலிய மருத்துவர்கள் ஆராய்ந்தனர். குடிநீரில் இருந்த மிகுதியான ஃபுளோரைடே காரணம் என்று கண்டனர். கதிர்ப்படத்தில் அவர்களுடைய எலும்புகள் வெண்மையாக, இயல்பினும் அடர்த்தியாகத் தோன்றின; உடலோ முடங்கிக் கிடந்தது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வேண்டியிருந்ததும் இதே நஞ்சினால்தான். ஆனால் அதே ஃபுளோரைடு, அளவறிந்து கொடுத்தால் எலும்பை உரமாக்கும் என்று கருதப்பட்டு, மேலைநாடுகளில் எலும்புப்புரைக்கு மருந்தாகவும் வழங்கப்பட்டது. 1990-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு அதை நிறுத்துப் பார்த்தது. நான்கு ஆண்டுகளில் முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு கூடியது. ஆயினும் முதுகெலும்பு முறிவுகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஏனைய எலும்புகளின் முறிவுகள் கூடின. எனவே ஒரு மருந்தைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி 'அடர்த்தி கூடுமா?' என்பதன்று, 'முறிவு குறையுமா?' என்பதே.

இன்றைய மருந்துகள் அந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருக்கின்றன. முன்பே முதுகெலும்பு முறிந்த பெண்களைக் கொண்டு 1996-இல் வெளிவந்த அலென்ட்ரோனேட் ஆய்வில், மூன்று ஆண்டுகளில் மருந்து உண்ணாத நூறு பெண்களுள் 15 பேருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு நேர்ந்தது; உண்டவருள் 8 பேருக்கே நேர்ந்தது. இடுப்பெலும்பு முறிவு 2.2 விழுக்காட்டிலிருந்து 1.1 விழுக்காடாகக் குறைந்தது. இதை 'பாதியாகக் குறைந்தது' என்றும் சொல்லலாம். 'நூற்றில் ஒருவர் தப்பினார்' என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. மருத்துவர் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் மறுபக்கத்தை நாம் கேட்க வேண்டும். ஒரு பொருளைப் பல நோக்கில் காண வேண்டும் என்னும் அநேகாந்தக் கொள்கையில் வளர்ந்த நமக்கு இது புதிதன்று.

இனித் தீமைகள். இவ்வகை மருந்தை நெடுங்காலம் உண்பவர்களுள் மிகச் சிலருக்குத் தொடையெலும்பு, அடிபடாமலே குறுக்காக முறிவதுண்டு. 2020-இல் வெளிவந்த கலிபோர்னியா ஆய்வின் கணக்கு இது: ஆசிய வழிப் பெண்கள் 10,000 பேர் மூன்று ஆண்டுகள் இம்மருந்தை உண்டால், 91 இடுப்பெலும்பு முறிவுகள் தவிர்க்கப்படும், 8 தொடையெலும்பு முறிவுகள் மருந்தால் நேரும். வெள்ளையருக்கு அக்கணக்கு 149-க்கு 2. ஆசியர் என்பது பல நாட்டவரையும் சேர்த்த தொகை. நம் நாட்டினரை மட்டும் தனியே எடுத்த கணக்கன்று. ஆயினும் நம் தராசில் தீமைத் தட்டு சற்றுக் கனமானது என்பதையும், அப்பொழுதும் நன்மைத் தட்டே தாழ்கிறது என்பதையும் இது காட்டுகிறது. உண்ணும் ஆண்டுகள் ஏற ஏற இத்தீமையும் ஏறும். ஆகவேதான் ஐந்து ஆண்டுகளுக்குப் பின், முறிவு அபாயம் குறைந்தவர்களுக்கு இம்மருந்தைச் சில காலம் நிறுத்தி வைப்பது வழக்கம். எலும்பில் ஏற்கெனவே படிந்த மருந்து, நிறுத்தியபின்னும் சில காலம் வேலை செய்யும். மருந்து உண்ணும் காலத்தில் தொடையிலோ தொடையிடுக்கிலோ விடாத வலி தோன்றினால் உடனே மருத்துவரிடம் கூறுங்கள்.

மற்றொன்று, தாடையெலும்பு ஆறாமல் வெளித்தெரியும் நிலை. எலும்புப்புரைக்குரிய அளவில் உண்பவர்களுக்கு இது மிக அரிது. ஆண்டுக்குப் பதினாயிரத்தில் ஒருவர் அல்லது அதனினும் குறைவு. ஆயினும் சொத்தைப் பல் இருந்தால், மருந்து தொடங்குமுன் அதைச் சீர்செய்துகொள்வது நலம். பல் பிடுங்க நேர்ந்தால், இம்மருந்து உண்பதைப் பல் மருத்துவரிடம் சொல்ல மறவாதீர்கள்.

ஒரு மருந்தின் தராசு இது. உடன் உண்ணும் பிற மருந்துகள் இந்தத் தராசை எப்படிச் சாய்க்கின்றன என்று பார்ப்போம்.

முதலாவது, எலும்பையே மெலிவிக்கும் மருந்துகள். ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதங்களுக்கு மேல் உண்பவர் எவராயினும், வயது குறைந்தவராயினும், எலும்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். வலிக்கும் இரைப்புக்கும் மருந்துச் சீட்டின்றிக் கடையில் வாங்கும் மாத்திரைகளில் இதுவும் கலந்திருப்பதுண்டு. வலிப்பு நோய்க்குரிய பெனிடாயின், நீரிழிவுக்குரிய பயோகிளிட்டசோன், மார்பகப் புற்றுக்குப் பின் உண்ணும் லெட்ரோசோல், அளவுக்கு மிஞ்சிய தைராய்டு மாத்திரை ஆகியனவும் எலும்பைத் தளர்த்தும். இவற்றை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. இரைப்பும் வலிப்பும் உயிரையே வாங்கக்கூடியவை. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. எலும்புக்குக் காவல் தேடிக்கொண்டு அவற்றைத் தொடர்வதே முறை.

இரண்டாவது, விழச் செய்யும் மருந்துகள். தூக்க மாத்திரையும், எழுந்தவுடன் தலைசுற்ற வைக்கும் அளவிலான இரத்த அழுத்த மாத்திரையும் எலும்பைத் தொடுவதில்லை, ஆளைத் தள்ளிவிடுகின்றன. விழாதவருக்கு இடுப்பெலும்பு முறிவது அரிது.

மூன்றாவது, ஒன்றையொன்று தடுக்கும் மருந்துகள். அலென்ட்ரோனேட்டை வெறும் தண்ணீரில் விழுங்கினாலே நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உடலில் சேரும். பாலோ, காப்பியோ, கால்சியமோ உடன் சென்றால் அதுவும் சேராது. தைராய்டு மாத்திரையையும் கால்சியம் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் வேண்டும். வயிற்றெரிச்சல் மாத்திரை அமிலத்தைக் குறைப்பதால், கால்சியம் கார்பனேட் சரிவரக் கரையாது. அத்தகையோருக்குக் கால்சியம் சிட்ரேட் பொருத்தம். ஆண்டுக்கணக்கில் உண்ணும் வயிற்றெரிச்சல் மாத்திரைக்கும் எலும்பு முறிவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆதலால், அது இன்னும் வேண்டுமா என்று ஆண்டுக்கொரு முறையேனும் கேளுங்கள். ஆஸ்பிரினும் வலி மாத்திரைகளும் அலென்ட்ரோனேட்டோடு சேர்ந்தால் இரைப்பையைப் புண்ணாக்கக் கூடும்.

நான்காவது, இருபுறமும் வெட்டும் மருந்து. தயசைடு வகை நீர்ப்பெருக்கி மாத்திரை, சிறுநீரில் சுண்ணச்சத்து கழிவதைக் குறைக்கும். எலும்புக்கு அது நன்மை. ஆனால் அதை உண்பவர் கால்சியம் மாத்திரையையும் அளவின்றி உண்டால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்துவிடும்.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. அலென்ட்ரோனேட்டும், ஆண்டுக்கொரு முறை நரம்பு வழி ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலமும், சிறுநீரக வடிதிறன் 35-க்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை தோலடியில் போடும் டெனோசுமாப் ஊசி, முற்றிய சிறுநீரக நோயாளிகளுக்கு, குறிப்பாக இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோருக்கு, இரத்தத்தில் கால்சியத்தை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2024 சனவரியில் கடும் எச்சரிக்கை விடுத்தது. அந்த ஊசியில் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். ஏனைய மருந்துகளைப் போல அது எலும்பில் தங்குவதில்லை. உரிய நாளில் போடாமல் விட்டால், அடக்கி வைத்த அரிப்பு வேகமாகத் திரும்பி, முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிவதுண்டு. நிறுத்துவதாயின் வேறொரு மருந்தைக் கைம்மாற்றாகத் தொடங்கியே நிறுத்த வேண்டும்.

இனி, நம் ஒழுக்கங்களுக்கும் இம்மருந்துகளுக்கும் உள்ள உறவு. இதைப் பிற அவைகளில் எவரும் பேசார். ஆகவே இங்கு நான் பேசியாக வேண்டும்.

ஞாயிறு எழுந்தபின்னரே நீர் அருந்துவேன் என்னும் நோன்பு, வாராந்தர மாத்திரைக்குத் தடையே அன்று. ஞாயிறு எழுந்ததும் முதற்பொருளாக, காய்ச்சி வடிகட்டி ஆறிய வெறும் நீர் ஒரு பெரிய டம்ளருடன் அம்மாத்திரையை விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், வேறெதுவும் உண்ணாமல் இருந்தால் போதும். நம் வீட்டு நீரே அதற்கு ஏற்ற நீர். அந்த அரை மணியில் அமர்ந்து வழிபாடு செய்யலாம். வீழ்ந்து வணங்குதலை மட்டும் பின்னர் வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை உண்பவர்கள் அந்த ஒரு நாளைய வரிசையை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கால்சியத்தை நண்பகல் உணவோடும், ஞாயிறு மறையுமுன் உண்ணும் உணவோடும் பிரித்து உண்ணலாம்; ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டா. முழு நோன்பு நாளில் வாராந்தர மாத்திரை வேண்டா. நோன்பில்லாத ஒரு கிழமையை அதற்கென்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். நீரும் அருந்தாத நோன்பின்போதும், அதற்கு அடுத்த நாளும் ஸோலெட்ரோனிக் அமிலம் ஏற்றிக்கொள்ளலாகாது. உடலில் நீர் வற்றியிருந்தால் சிறுநீரகம் பழுதாகும். 'இரவில்' என்று எழுதப்பட்ட மாத்திரைகளுள் பலவற்றை மாலைக்கு மாற்ற இயலும். அதை நீங்களாக மாற்றாமலும், உண்ணாமல் விட்டுவிடாமலும், மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள்.

கொல்லாமை பற்றிய ஐயமும் அவ்வாறே. சிப்பி ஓட்டுக் கால்சியம் வேண்டாவெனில், சுண்ணாம்புக் கல்லிலிருந்து எடுத்த கால்சியமும், சிட்ரேட் வகையும் கிடைக்கின்றன. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. கூடுகள் பல விலங்குப் பசையால் ஆனவை. பாசிப்பூஞ்சையிலிருந்து எடுத்த டி3-யும், டி2 வகையும் உள்ளன. அலென்ட்ரோனேட்டின் மருந்துப்பொருளும் ஸோலெட்ரோனிக் அமிலமும் வேதிமுறையில் ஆக்கப்படுபவை. டெனோசுமாப் விலங்கு உயிரணு வளர்ப்பில் ஆக்கப்படுவது. எதை ஏற்பது என்பது அவரவர் மனச்சான்றின் பாற்பட்டது. ஆனால் மறுப்பதாயின் வாய்திறந்து மறுங்கள், மாற்று கிடைக்கும். மௌனமாக நிறுத்தினால், மருந்து உண்கிறீர்கள் என்று மருத்துவர் நம்பிக்கொண்டிருப்பார், எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும்.

உணவையும் மறவாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. எள்ளும், தயிரும், முருங்கைக்கீரையும், அகத்திக்கீரையும் நம் அடுக்களைக்கு உரியவையே. காலை வெயிலில் நடப்பதற்குப் பணம் வேண்டா.

நிறைவாக ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து இன்று வீட்டு வாசலுக்கே வருகிறது. தனியார் மருத்துவர் எழுதியது ஒருபுறம், கடையில் வாங்கியது மறுபுறம். இவை யாவும் ஒருவர் கண்ணில் ஒருசேரப் படுவதே இல்லை. ஆகவே இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் இல்லத்துப் பெரியவரின் மருந்துகள் அனைத்தையும், சூரணமும் தைலமும் உட்பட, ஒரு துணிப்பையில் இடுங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அப்பையை அவர்முன் வைத்து ஐந்து கேள்விகள் கேளுங்கள்: இவற்றுள் இனி வேண்டாதது எது? எலும்பை மெலிவிப்பது எது? எதனோடு எதைச் சேர்க்கலாகாது? எலும்பு மருந்தை எத்தனை ஆண்டு உண்பது? எங்கள் நோன்புக்கு ஏற்ப நேரத்தை எப்படி வகுப்பது?

அக்காளுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கக்கூடும். அந்தப் பையை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மருத்துவரிடம் சென்றோம். இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கு ஸோலெட்ரோனிக் அமிலம் கொடுத்து 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மறுமுறிவு 13.9 விழுக்காட்டிலிருந்து 8.6 ஆகக் குறைந்தது, இறப்பும் 13.3-இலிருந்து 9.6 ஆகக் குறைந்தது. சிறுநீரகமும் பற்களும் சோதிக்கப்பட்டு, வயிறு தாங்காத அவருக்கு அந்த மருந்தே முடிவாயிற்று. நோன்பில்லாத நாள் பார்த்து ஏற்றினார்கள். இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, பின்பு தணிந்தது. தூக்க மாத்திரை படிப்படியாக நிறுத்தப்பட்டது; சிப்பி ஓடு போய்ச் சுண்ணக்கல் வந்தது. எட்டு மருந்துகள் ஐந்தாயின.

இன்று ஊன்றுகோலோடு நடந்து வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். மீண்டும் விழ மாட்டார் என்று என்னால் உறுதி கூற இயலாது. எந்த மருந்தாலும் அதைக் கூற இயலாது. இனி அவர் விழுங்கும் ஒவ்வொன்றும் எதற்கென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் இல்லத்துப் பெட்டியை விழுந்தபின் திறவாதீர்கள், இன்றே திறவுங்கள்.